துண்டும் விண்ணப்பப் படிவமும்

இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் வட்டக்கச்சிக் குடும்பம் ஒன்றுக்கு அரசாங்கத்தின் சமூகநலப் பணி இரண்டு வேறுபட்ட நடைமுறைகளாகவே அறிமுகமாகியிருக்கிறது. அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் பெயரையும் வயதையும் சொன்னால் துண்டு கிடைக்கும். அந்தத் துண்டை எழுதிக் கொடுப்பவர் வந்தவருக்கு எத்தனை ஏக்கர் காணி, வீட்டுக் கூரை ஓடா தகரமா, பிள்ளைகளில் எவரேனும் உழைக்கிறார்களா என்று கேட்பதில்லை. அதே குடும்பம் நிவாரணக் கொடுப்பனவு ஒன்றுக்காகக் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் நாடினால், கேட்கப்படுபவை பெரும்பாலும் இந்தக் கேள்விகளே. நோய் வந்திருப்பதே தகுதியாகக் கொள்ளப்படும் இடம் ஒன்று; வறுமையை நிரூபித்தால் மட்டும் தகுதி கிடைக்கும் இடம் மற்றது. அரசாங்கப் பணத்தில் எல்லோருக்கும் மருத்துவமும் சமூக சேவைகளும் வழங்கப்பட வேண்டுமா, அல்லது வசதியற்றவர்களைத் தெரிந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் வழங்கினால் போதுமா என்று உலகெங்கும் நடக்கும் விவாதத்தை, இலங்கையில் இவ்விரு நடைமுறைகளும் அருகருகே இயங்குவதால், ஒரு வன்னிக் கிராமத்தில் வைத்தே பரிசோதித்துப் பார்க்கலாம்.

விவாதத்தில் புழங்கும் சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 'அனைவருக்குமான சுகாதாரப் பாதுகாப்பு' என்பதை உலக சுகாதார நிறுவனம் மூன்று கேள்விகளால் அளக்கிறது: மக்களில் எத்தனை பேர் அதற்குள் அடங்குகிறார்கள், எந்தெந்தச் சேவைகள் அடங்குகின்றன, சேவையைப் பெறும் வேளையில் நோயாளியின் கையிலிருந்து எவ்வளவு செலவாகிறது. அதற்கான பணத்தைத் திரட்டும் வழிகளும் பல. ஜேர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொடக்கிவைத்த முறையில், தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் சந்தா ஒரு நிதியத்தில் சேர்ந்து, நோய் வந்த உறுப்பினரின் செலவை ஏற்கிறது. இது சமூகக் காப்புறுதி எனப்படும். பிரித்தானியாவில் பெவரிட்ஜ் அறிக்கை 1942இல் வெளிவந்த பின்னர், 1948 யூலை 5ஆம் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவை பொது வரிப்பணத்தில் நடக்கிறது. இலங்கை பின்பற்றுவது இந்த இரண்டாவது வழியை ஒத்தது. கூலிக்கு நாற்று நடுபவருக்கும், களப்பில் இறால் பிடிப்பவருக்கும், மேசன் வேலைக்குப் போகிறவருக்கும் ஒழுங்கான மாதச் சம்பளம் கிடையாது. சம்பளத்திலிருந்து சந்தாவைப் பிடித்துக் கட்டும் முதலாளியும் கிடையாது. இத்தகையோர் நிறைந்த ஒரு நாட்டில் வரிப்பணத்தால் நடக்கும் மருத்துவமே கைகூடக்கூடிய வழி என்பதை, கோட்பாட்டுச் சண்டைகளுக்குப் புறம்பாக, ஒரு நிர்வாக உண்மையாகவே ஏற்றுக்கொள்ளலாம்.

இலங்கையில் இம்முறை ஒரே சட்டத்தால் ஒரே நாளில் உருவானதல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டு, வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது ஆகியோர் ஒரு குறித்த பிரதேச மக்களின் நலத்துக்குப் பொறுப்பாக்கப்பட்டனர்; இன்றுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அந்த அமைப்பின் வழிவந்தவை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்ததும் நிலைமை விரைவாக மாறியது. சொத்தும் படிப்பும் இல்லாதவரின் வாக்கையும் கேட்டுப் பெற வேண்டியிருந்த அரசாங்க சபை உறுப்பினர்கள், தமது தொகுதிக்கு ஒரு மருந்தகத்தையோ பிரசவ விடுதியையோ பெற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டிய நிலைக்கு ஆளாகினர். இதனிடையே 1934–35 மலேரியா வந்தது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய ஈரவலய ஓரங்களில் நுளம்பு பெருகி, ஏற்கெனவே அரைப் பட்டினியில் கிடந்த கிராமங்களில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. அப்போது இடதுசாரி இளைஞர்கள் மருந்தும் பருப்பும் மாமைற்றும் சுமந்து கிராமம் கிராமமாகப் போனார்கள். அவர்களுள் ஒருவரான என்.எம். பெரேராவுக்கு 'பருப்பு மகாத்தயா' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. நோய்க்கு மருந்து கொடுப்பதும் பட்டினிக்கு உணவு கொடுப்பதும் ஒரே பொறுப்பின் இரண்டு கைகள் என்ற எண்ணம் இலங்கை அரசியலில் வேரூன்றியதற்கு அந்தக் கொள்ளைநோய்க்கும் வாக்குப்பெட்டிக்கும் சம பங்கு உண்டு. 1950களின் தொடக்கத்தில் அரச வைத்தியசாலைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை பொது விதியாக நிலைபெற்றிருந்தது.

இதன் பயன் எண்களில் தெளிவாகத் தெரிகிறது. 1940களின் நடுவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்த நாட்டில், அண்மைக் காலத்தில் அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்தைந்நூறை ஒட்டி இருந்த தாய் மரணம் முப்பதை ஒட்டிக் குறைந்தது. 1985இல் ரொக்பெல்லர் மன்றம் வெளியிட்ட அறிக்கையொன்று, குறைந்த செலவில் நல்ல உடல்நலத்தை எட்டிய நாடுகளும் பகுதிகளும் என்று சீனாவையும் கொஸ்ராரிக்காவையும் கேரளத்தையும் இலங்கையையும் எடுத்துக்காட்டியது. அரச செலவு எப்போதும் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் இரண்டு சதவீதத்தைச் சுற்றியே இருந்துவந்தது என்பதுதான் பொருளியலாளர்களை இன்றும் வியக்கவைக்கும் செய்தி.

ஆனால் நாட்டின் சராசரி வேறு, வன்னியின் கதை வேறு. இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கி இரண்டு தசாப்தங்கள் இழுபட்டது. குளம் கட்டிய பின்னரும் அதன் கீழ் ஆட்களைக் குடியேற்றுவதற்குப் பெருந்தடையாக இருந்தது மலேரியா. 1946இலிருந்து டி.டி.ரி. தெளிக்கப்பட்டதும் நாடு முழுவதும் இறப்பு வீதம் ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கு இருபதிலிருந்து பதினான்காகச் சரிந்தது. காணியில்லாத யாழ்ப்பாணக் குடும்பங்கள் வட்டக்கச்சி, இராமநாதபுரம் போன்ற குடியேற்றத் திட்டங்களுக்கு வந்து காடு வெட்டி நிலைக்க முடிந்ததன் பின்னணியில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் நிகராக, இந்தப் பொதுச் சுகாதாரப் பணியும் இருக்கிறது. தனித்தனிக் குடும்பங்கள் எவ்வளவு பணம் கொடுத்தாலும் விலைக்கு வாங்க முடியாத நன்மை இது. அயலில் நுளம்பு இருக்கும்வரை செல்வந்தன் வீட்டிலும் காய்ச்சல் வரும். பொருளியலில் 'பொதுப் பண்டம்' என்று சொல்லப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வன்னியில் கிடையாது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளராகக் குறைந்திருந்த மலேரியா, கவனம் தளர்ந்ததும் 1967–69இல் பெருந்தொற்றாகத் திரும்பியதும், போரின்போது 1990களில் வன்னியை மீண்டும் வாட்டியதும், 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி எவரும் பதிவாகாமல் 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதும், இச்சேவையைச் சிக்கனத்தின் பெயரால் கைவிட்டால் என்ன நடக்கும், கைவிடாது பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் சேர்த்தே காட்டுகின்றன.

'எல்லோருக்கும்' என்ற சொல் எல்லாக் காலத்திலும் எல்லோரையும் உள்ளடக்கியதில்லை என்பதற்கும் இப்பிரதேசமே சாட்சி. மலையகத் தோட்டத் தொழிலாளர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தனர். அவர்களது மருத்துவமோ தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. வாக்கு மருந்தகத்தைக் கொண்டுவந்தது என்றால், வாக்கில்லாத இடத்துக்கு அது வரவில்லை என்பதும் அதே தர்க்கத்தின் மறுபக்கம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும் தோட்ட மருத்துவமனைகள் தேசிய அமைப்புக்குள் மிக மெதுவாகவே சேர்ந்தன. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரம் முதலிய கிளிநொச்சிக் கிராமங்களில் குடியேறியவர்களில் பலருக்கு, அரச மருந்தகத்தின் படியேறித் துண்டு எடுப்பது அந்த வகையில் ஒரு புதிய உரிமையாகவே இருந்திருக்கும்.

போர்க்காலத்தில் இந்த அமைப்பு நடந்துகொண்ட விதம் தனித்துப் பேசப்பட வேண்டியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் வன்னி இருந்த காலத்திலும் அங்குள்ள அரச வைத்தியசாலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்தே வந்தது. அதே கொழும்பு விதித்த பொருளாதாரத் தடையால் மருந்துகளும் மட்டுப்படுத்தப்பட்டன. ஒரு கையால் கொடுத்து மறு கையால் தடுத்த இந்த முரண்பாட்டை வன்னி மக்கள் நன்கு அறிவார்கள். போலியோ சொட்டு மருந்துக்காக 1990களின் நடுவிலிருந்து இரு தரப்பும் துப்பாக்கிகளை ஓய்வெடுக்கவிட்ட நாட்கள் இருந்தன. பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுப்பதற்கு எந்தத் தரப்பும் தகுதி கேட்கவில்லை. 2009 சனவரி 2இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானபோது அந்நகரின் வைத்தியசாலை ஏற்கெனவே தர்மபுரத்துக்கு இடம்பெயர்ந்திருந்தது. அதன் பின் உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன் என்று நகர்ந்து, பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள்களின் கீழும் சத்திரசிகிச்சை செய்தவர்கள் அரச சம்பளம் பெற்ற வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியரும் தொண்டர்களுமே. பெப்ரவரி 10இலிருந்து சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் காயப்பட்டவர்களைக் கடல்வழியாகத் திருகோணமலைக்குக் கொண்டுசெல்லும்வரை, வேறு எந்த நிதியமோ காப்புறுதியோ அந்த மக்களுக்கு இருந்திருக்க முடியாது. சந்தாவை நம்பிய எந்த முறையும், சந்தா கட்டுபவரின் வருமானம் ஒரே நாளில் அற்றுப்போகும் நிலைமையில் செயலற்றுப்போகும் என்ற உண்மை இங்கே மிகக் கொடூரமான வடிவில் வெளிப்பட்டது.

கட்டணம் அறவிட வேண்டும் என்ற யோசனை இலங்கைக்குப் புதிதல்ல. வெளிநோயாளர் ஒவ்வொருவரிடமும் 25 சதம் அறவிடும் நடைமுறை 1971இல் கொண்டுவரப்பட்டது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் மலேரியாக் கிராமங்களுக்குப் பருப்புச் சுமந்த அதே என்.எம். பெரேரா என்பதை வரலாற்றின் கேலியாகக் கொள்வதா, வெறுமையான திறைசேரியின் முன் கொள்கை வளையும் விதத்துக்குச் சான்றாகக் கொள்வதா என்பது வாசிப்பவரைப் பொறுத்தது. அந்தச் சில்லறை, சுகாதாரச் செலவில் சிறு துளியையே ஈடுசெய்தது. 1977இல் வந்த அரசாங்கம் அதை நீக்கியது. தாய்லாந்து இதே வகையான சோதனையை வேறு விதமாகச் செய்தது. அங்கு 2001இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு தடவை சிகிச்சைக்கு 30 பாத் மட்டும் செலுத்தினால் போதும் என்று வைத்து, மிகுதியை வரிப்பணம் ஏற்றது. சில ஆண்டுகளில் அந்த 30 பாத்தும் கைவிடப்பட்டது. கட்டணத்தை ஆதரிப்போர், அது தேவையற்ற வருகையைக் குறைக்கும் என்கிறார்கள். ஆனால் தேவையற்ற வருகை எது, தேவையான வருகை எது என்பதை நோயாளி தானே பிரித்தறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது, மூன்று நாள் காய்ச்சல் டெங்குவா சாதாரணத் தடிமனா என்பதை ஒரு தாய் வீட்டிலிருந்தே தீர்மானிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்குச் சமம்.

கட்டணத்தைவிட மருந்தின் விலையைக் கட்டுப்படுத்துவதே பயன்தரும் என்று காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருத்துவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் 1971இல் அளித்த அறிக்கையை அடியொற்றி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மருந்துகளுக்குப் பதிலாக, உண்மையில் தேவையான சில நூறு மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில், கேள்விப்பத்திரம் கோரி, நாடு முழுவதற்கும் மொத்தமாக வாங்குவதே அவரது வழி. பிற்காலத்தில் தமிழ்நாடு 1994இல் அமைத்த மருத்துவப் பணிகள் கழகமும் மொத்தக் கொள்வனவு என்ற அதே வழியில் நடந்து இந்தியாவின் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. முன்னோடியான இலங்கையோ பின்னர் அந்தப் பிடியைத் தளரவிட்டது. 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தபோது, மருந்துகளில் பெரும் பங்கை இறக்குமதி செய்துவந்த அமைப்பு திகைத்து நின்றது. அதற்குச் சில நாட்கள் முன்னரே பேராதனை வைத்தியசாலையில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் மருந்துத் தட்டுப்பாட்டால் இடைநிறுத்தப்பட்டிருந்தன. தரமற்ற மருந்துக் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதானார். இலவச மருத்துவத்தின் எதிரி இலவசமே என்று சொல்வோர் இந்தப் பக்கத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

இனி, இந்தச் சேவை எந்த அளவுக்கு உண்மையில் கட்டணமற்றது என்ற கேள்விக்கு வரலாம். நாட்டில் விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சையில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பங்கை அரச வைத்தியசாலைகளே வழங்குகின்றன. வெளிநோயாளர் சிகிச்சையில் ஏறத்தாழ அரைவாசி தனியாரிடம் போகிறது. மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை ஒட்டிய பங்கு மக்களின் சொந்தப் பணம். அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாராகவும் நோயாளரைப் பார்க்கலாம் என்று 1977க்குப் பின் திறந்துவிடப்பட்ட வழி, இன்று 'சனல்' பண்ணுவது என்ற பெயரில் எங்கும் பரவியிருக்கிறது. கொழும்பைச் சேர்ந்த சுகாதாரப் பொருளியலாளர் ரவி ரன்னன்-எலிய போன்றோர், வசதியுள்ளவர் காத்திருப்பைத் தவிர்க்கத் தாமாகவே தனியாரை நாடுவதால் அரச வைத்தியசாலைகளின் சுமை குறைந்து, அவற்றின் பணம் பெருஞ்செலவுள்ள நோய்களில் வறியவரைக் காக்கிறது என்று வாதிடுகிறார்கள். தேசிய அளவில் இவ்விளக்கம் பெரிதும் பொருந்துகிறது. வன்னியில் அது பாதியளவே பொருந்தும். அங்கே தனியாரை நாடுபவர் எப்போதும் வசதியுள்ளவராக இருப்பதில்லை.

சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஒரு முதியவரின் மாதாந்தக் கிளினிக் நாளை எடுத்துக்கொள்ளலாம். விடியப்புறம் எழுந்து, வெறுவயிற்றோடு, கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு வர வேண்டும். இல்லையென்றால் நூறாவது இலக்கத்துக்குப் பின்னால் இருக்க வேண்டியிருக்கும். இரத்தப் பரிசோதனைக்கான இரசாயனம் வைத்தியசாலையில் தீர்ந்திருந்தால் வெளியே லாப்பில் செய்துகொண்டு வரும்படி சொல்வார்கள். மருந்து கொடுக்கும் யன்னலில் நான்கு மாத்திரைகளில் மூன்று கடதாசி உறைகளில் கிடைக்கும். நான்காவதை வெளியில் வாங்கும்படி எழுதித் தருவார்கள். கூட வரும் மகளுக்கோ மருமகளுக்கோ ஒரு நாட்கூலி போகும். இந்தச் செலவு எதற்கும் பற்றுச்சீட்டு இல்லை. எந்தத் தேசியக் கணக்கிலும் அந்த நாட்கூலி சேராது.

கட்டணம் ஒழிந்த இடத்தில் தூரமே கட்டணமாகிவிடுகிறது. கிளிநொச்சி மாவட்டம் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,13,000 பேரை மட்டுமே கொண்டிருந்த, பரந்து கிடக்கும் மாவட்டம். சனத்தொகை குறைவு என்பதால் விசேட வைத்திய நிபுணர்களும் கருவிகளும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் குவிகின்றன. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 65 கிலோமீற்றர். புற்றுநோய் என்றால் இன்னும் அப்பால் தெல்லிப்பழைக்குப் போக வேண்டும்; அங்குள்ள மருத்துவமனைக் கட்டடமே 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்த நிதிதிரட்டு நடைபயணத்தால் எழுந்தது என்பது, அரச சேவையின் ஓட்டைகளை எத்தனை கைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதைச் சொல்லும். 2018 யூலையில் வட மாகாணத்துக்கும் விரிந்த '1990 சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை அவசர வேளையின் தூரத்தைக் குறைத்தது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் பெண்களுக்கான சிறப்புச் சிகிச்சை நிலையம் ஒன்று நெதர்லாந்தின் உதவியோடு கட்டப்பட்டு 2024 மே மாதத்தில் திறக்கப்பட்டது. கட்டடம் எழுப்புவதைவிட அதற்குள் வைத்தியரையும் தாதியரையும் நிலையாக இருத்துவது கடினம். பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் நாட்டைவிட்டே போகத் தொடங்கியதும், அதன் முதல் அடி பின்தங்கிய மாவட்டங்களின் வெற்றிடப் பட்டியலிலேயே விழுந்தது. வேல்ஸ் நாட்டு வைத்தியர் ஜூலியன் ரியூடர் ஹார்ட் 1971இல் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று பெயரிட்டு எழுதியது இதையே: எங்கே தேவை அதிகமோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கும், சந்தைக்கு விடப்பட்ட அளவுக்கு அந்தக் குறைவு கூடும். உடலில் குண்டுச் சிதறல்களோடு வாழ்பவர்களும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய செயற்கைக் கால்களோடு நடப்பவர்களும் நிறைந்த மாவட்டத்துக்கு இந்த விதி கூடுதல் கடுமையோடு பொருந்துகிறது.

சமூக சேவைகளின் பக்கம் திரும்பினால் எதிர்த்திசையில் ஓடிய வரலாறு ஒன்று தெரியும். தொடக்கத்தில் பங்கீட்டு அரிசி எல்லோருக்கும் கிடைத்தது. 1953இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது எழுந்த ஹர்த்தால், பிரதமர் டட்லி சேனநாயக்காவைப் பதவி விலகவைத்தது. 1979இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தபோதுதான் 'இலக்கு வைத்தல்', அதாவது வறியவரை மட்டும் தெரிந்தெடுத்துக் கொடுத்தல், உறுதியாகக் காலூன்றியது. 1989இல் ஜனசவிய, 1990களின் நடுவில் சமுர்த்தி, 2023 யூலையில் அஸ்வெசும என்று பெயர்கள் மாறின. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் செய்துகொண்ட உடன்படிக்கையின் பின்னணியில் வந்த அஸ்வெசும, கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களை அளந்து, தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நான்கு தரமாகப் பிரித்தது. அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதத்தைவிடக் குறிகாட்டிகள் மேல் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. சமுர்த்திப் பட்டியல்களில் கட்சிச் சார்பு இருந்தது ஊரறிந்த விடயம்.

எனினும் எந்த அளவுகோலும் இரண்டு வகைப் பிழைகளைத் தரும். தகுதியற்றவர் உள்ளே வந்துவிடுவது ஒன்று. தகுதியுள்ளவர் வெளியே விடப்படுவது மற்றது. முதற்பிழையைக் குறைக்க வடிகட்டியை இறுக்கும்போது இரண்டாவது பிழை பெருகும். திறைசேரிக்கு முதற்பிழை கண்ணில் படும். இரண்டாவதைச் சுமப்பவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். வன்னியில் இப்பிழைக்கு வழிகள் ஏராளம். மீள்குடியேற்றத்தின்போது வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்த, ஆனால் கணவனை இழந்து நுண்கடன் தவணைக்கு ஓடும் பெண்ணை, கல்வீடே வசதியானவராகக் காட்டக்கூடும். இடப்பெயர்வில் காணிப் பத்திரத்தைத் தொலைத்தவருக்கும், ஆரம்பத்திலிருந்தே காணி அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கும் ஆவணம் கேட்கும் ஒவ்வொரு படிவமும் ஒரு மதில். ஒரு போகம் பொய்த்தாலும் இரணைமடு வான்பாய்ந்து வயலை மூடினாலும் ஒரே மாதத்தில் வறுமைக் கோட்டைக் கடந்துவிடும் குடும்பத்தின் நிலையை, ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கணக்கு பிடிக்க முடியாது. வவுனியாவரை காணப்படும், காரணம் உறுதியாக நிறுவப்படாத சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்பு வைத்தியசாலையில் இலவசமாகவே நடக்கிறது. அங்கு போய்வரும் செலவுக்கான மாதக் கொடுப்பனவுக்கு மட்டும் அவர் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஒரே நோயாளி, ஒரே நோய். ஆனால் ஒரு பாதியில் உரிமை, மறு பாதியில் மனு.

எல்லோருக்கும் கொடுப்பது வீண்செலவு என்ற வாதத்தை அலட்சியப்படுத்திவிட முடியாது. நோயாளர் முதுமையடைகிறார்கள், நீண்டகால நோய்களுக்கு வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும், பணக்காரரின் இருதய சத்திரசிகிச்சைக்கும் வரிப்பணம் போகிறது. ஆனால் 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டு வேறு வரிகளும் தளர்த்தப்பட்டதால், அரச வருமானம் மொத்த உற்பத்தியின் எட்டுச் சதவீதத்தை ஒட்டிச் சரிந்தது. திறைசேரியை வெறுமையாக்கிய காரணங்களில் கிராமத்து மருந்தகத்தின் பரசிற்றமோல் செலவைவிட இது மிகப் பெரியது. பணத்தை மீட்க அதே வரி 2024 சனவரியில் 18 சதவீதமானது. இலங்கையின் வரியில் பெரும் பங்கு இத்தகைய மறைமுக வரி. சவர்க்காரம் வாங்கும்போதும், கைத்தொலைபேசிக்கு ரீலோட் போடும்போதும் வட்டக்கச்சிக் கூலியாளரும் அதைக் கட்டுகிறார். எனவே துண்டு எடுக்க வரும் அவரை இலவசத்தில் வாழ்பவராகப் பேசுவது கணக்குத் தெரியாத பேச்சு.

காப்புறுதி என்ற மாற்று வழியும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அரச ஊழியருக்கு 'அக்ரஹார' காப்புறுதி ஏற்கெனவே உண்டு. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், இந்திய அளவில் 2018இல் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்வரை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத்தும் வந்தன. பெருஞ்சிகிச்சைகளில் இவை பலரைக் கடனிலிருந்து காத்தன என்பது உண்மை. எனினும் அவை முதன்மையாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவரின் செலவையே ஏற்பன. மாதாமாதம் வாங்கும் சீனி மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் போகும் பணத்தை அவை தொடுவதில்லை. அந்த இடைவெளியை உணர்ந்ததனாலேயே தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற பெயரில் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகத் தொடங்கியது. வன்னிக்குத் தேவையானது எது என்று கேட்டால், தனியார் வைத்தியசாலையே அரிதான மாவட்டத்தில் காப்புறுதி அட்டையைக் கொடுப்பதைவிட, கிராமத்துக்கு அண்மையிலுள்ள அரச வைத்தியசாலையில் முழு நாளும் ஒரு வைத்தியரும், தீராத மருந்தும், இயங்கும் ஆய்வுகூடமும் இருப்பது பலமடங்கு பயன்தரும். குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியின் வீடு தேடிப் போய் நிறை பார்த்துத் திரிபோஷா சத்துணவு கொடுக்கும் முறை பல தசாப்தங்களாக வெற்றியோடு நடக்கும் நாட்டில், முதியவருக்கும் அங்கவீனருக்கும் அதே முறையை விரிப்பது புதிய கண்டுபிடிப்பு எதையும் வேண்டி நிற்பதல்ல.

அதை யார் தீர்மானிப்பது என்பதுதான் சிக்கல். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் கிராமப்புற வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்புக்கு வந்தன. போதனா வைத்தியசாலைகளும் மருந்துக் கொள்வனவும் மத்திய அமைச்சிடமே இருக்கின்றன. வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் 2013இலேயே நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர், ஆண்டுகள் பல கடந்தும் அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை. கிளிநொச்சியின் கண்டாவளைப் பிரதேசத்துக்கு எத்தனை வைத்தியர், எந்த மருந்தகம் மூடப்படலாம், எது தரமுயர்த்தப்படலாம் என்பவற்றை ஆளுநரின் கீழுள்ள அதிகாரிகளே முடிவுசெய்கிறார்கள். 1931இல் மருந்தகம் கேட்டு வாக்காளர் நெருக்குவதற்குத் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருந்தார்; இன்று சுகாதாரப் பொறுப்பை ஏற்றிருக்கும் மாகாண மட்டத்தில் வட்டக்கச்சி வாக்காளருக்கு அப்படி ஒருவர் இல்லை.